தூணிடம் சொன்ன சாட்சி

போன வாரம் எங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு விபத்து. பதற வேண்டாம், உயிர்ச்சேதம் இல்லை. ஒரு சட்டி மீன் குழம்பு தரையோடு போயிற்று. நெய்மீன். விலையைக் கேட்டு என் வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள்.

காரணம் என் வீட்டுக்காரர். கூடத்தில் இருந்தபடி போனில் யாரிடமோ, "எனக்கு வேண்டாம்... சத்தியமா எனக்கு வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாலிசி விற்கிற ஆளாம். அவ்வளவுதான் விஷயம். என் கையிலிருந்த சட்டி நழுவிவிட்டது.

"பாலிசி வேண்டாம்னு நான் சொன்னதுக்கு நீ எதுக்கு மீனைக் கொட்டினே?" என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவருக்கு எப்படித் தெரியும்? இதே சொற்களை, இதே மாதிரி ஓர் ஆண் குரலில், நான் வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறேன். பேசியது ஆண். ஆனால் 'இந்தப் பெண் சொன்னாள்' என்றுதான் எழுதிக்கொண்டார்கள்.

குழப்புகிறேனா? முதலிலிருந்து வருகிறேன்.

என் சிநேகிதியின் மகள் ஷைனிக்கு விவாகரத்து வழக்கு. சிநேகிதிக்கு மூட்டுவலி, கோர்ட் படி ஏற முடியாது. "நீ சும்மா வீட்டுல இருந்து எழுதிக்கிட்டுத்தானே இருக்கே, பிள்ளைக்குத் துணைக்குப் போயிட்டு வாயேன்" என்றாள். சும்மா எழுதுகிறேனாம்! வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும் நான் படுகிற பாடு... சரி, விடுங்கள். போனேன்.

எந்தக் கோர்ட் என்று கேட்காதீர்கள். எங்கள் மாவட்டத்தில் ஒரு குடும்ப நீதிமன்றம், அவ்வளவு போதும். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். பழைய கட்டடம். வராந்தாவில் இரண்டு கை சேர்த்தாலும் அடங்காத தூண்கள். ஆடிச் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்ததால் மத்தியானமே அந்திபோல் இருட்டியிருந்தது. அதோடு நம் ஊர் கரெண்ட் கட்டும் சேர்ந்துகொண்டது. அந்த வருஷங்களில் விளக்கு எரிந்தால்தானே செய்தி!

ஜட்ஜ் அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நல்லவர், பொறுமைசாலி. ஆனால் எங்கள் பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை. விளவங்கோடு பக்கத்துப் பெரியவர் ஒருவர் கூண்டில் நின்று, "எனக்க கெட்டினவ தள்ளைக்க வீட்டுல போயி நிக்கா, விளிச்சா வரமாட்டங்கா" என்று ராகத்தோடு சொல்ல, ஜட்ஜ் அம்மா வக்கீலைப் பார்த்தார். "என்ன சொல்றாரு? மலையாளமா?" "பெண்டாட்டி அம்மா வீட்டுல இருக்காங்க, கூப்பிட்டா வரமாட்டேங்கிறாங்களாம்" என்று வக்கீல் தமிழைத் தமிழில் சொன்னார். ஹாலில் எல்லோரும் சிரித்தோம். ஜட்ஜ் அம்மாவும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் கரெண்ட் போனது.

இருட்டில் ஓர் உருவம் வந்து நின்றது. தலையிலிருந்து மார்புவரை சேலைத் தலைப்பு இறங்கியிருந்தது. முகம் இல்லை. கை விரல்கூடத் தெரியவில்லை. பேய்க்குக் கால் இருக்காது என்பார்களே... சொன்னால் சிரிப்பீர்கள், என் கண் தானாகக் கீழே போனது. கால் இருந்தது. ஆனால் பாதத்தைச் சுற்றிலும் ரத்தச் சிவப்பு!

"ஆன்ட்டி..." என்று ஷைனி என் கையைப் பிடித்தாள். "அது ஏதோ சாயம்டீ, வடக்க பூசுவாங்க" என்று சொன்னேன். அவளுக்குச் சொன்னேனா எனக்கே சொல்லிக்கொண்டேனா, தெரியாது.

பெயர் மினதி. ஒடிசாக்காரி. முட்டத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு கடற்கரை ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் ஒடிசாக் கரையில் மீன் கம்பெனியில் வேலை பார்த்திருக்கிறார்கள். தம்பி சைமன் அங்கே இவளைக் காதலித்து, ஞானஸ்நானம் கொடுத்து, கோயிலில் வைத்துக் கல்யாணம் கட்டி ஊருக்குக் கூட்டி வந்தான். ரூபி என்று ஒரு பெண் குழந்தை. பிறகு சைமன் வளைகுடாவுக்குப் படகு வேலைக்குப் போனான். போனவன் அங்கிருந்தே வழக்குப் போட்டுவிட்டான். பெண்டாட்டிக்குப் புத்தி சரியில்லை, பிள்ளையை அண்ணன் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டும், அவளை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். வழக்கை நடத்துகிறவர் அண்ணன் கிளீட்டஸ்.

"அவங்க பாஷை தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று ஜட்ஜ் அம்மா கேட்டார்.

ஒடியா தெரிந்த ஆளுக்கு எங்கே போவது? பின்னால் ஒருவர் எழுந்து லேசாக இருமினார்.

"எனக்குத் தெரியும் அம்மா. நான் அங்க நெறைய வருஷம் நின்னவனாக்கும்."

கிளீட்டஸ்!

பிள்ளையைக் கேட்கிறவரே பிள்ளையைப் பெற்றவளுக்கு வாய். இலவச சட்ட உதவியில் அவளுக்கு அமர்த்தப்பட்ட வக்கீல் பையன் வாயைத் திறக்கவில்லை. ஜட்ஜ் அம்மா கொஞ்சம் யோசித்தார். போன தடவையும் ஆள் இல்லாமல் தள்ளிப்போன வழக்கு. "சரி, இன்னைக்கு மட்டும் கேளுங்க" என்றார்.

கிளீட்டஸ் அவள் பக்கம் திரும்பி அந்த மொழியில் ஏதோ கேட்டார். தலைப்புக்குள்ளே கண்ணாடி வளையல் 'கிலுக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்தத் துணி மூச்சுக்குக்கூட அசையவில்லை.

அப்புறம் அந்தக் கனத்த கடற்கரைக் குரல் சொன்னது:

"எனக்குப் பிள்ளை வேண்டாம். நான் எனக்க ஊருக்குப் போறேன். எனக்குப் பிள்ளை வேண்டாம்."

எனக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. மீசை வைத்த ஆள், 'நான்' 'எனக்கு' என்று ஒரு பெண்ணாகப் பேசுகிறார். பேச வேண்டியவள் கட்டிவைத்த துணி மூட்டைபோல் நிற்கிறாள். கேள்வி கேட்க, வளையல் குலுங்க, ஆண் குரல் வர... மறுபடி கேள்வி, மறுபடி வளையல், மறுபடி குரல். கோடாங்கி வீட்டில் குறி கேட்கிற மாதிரி இருந்தது. தட்டச்சு செய்கிற அம்மாள் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தால் வராந்தா முழுக்க இதே பேச்சு. கிளீட்டஸின் மனைவி புனிதா, ரூபியை இடுப்பில் வைத்தபடி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "அவளுக்க மேல என்னமோ இருக்கு அக்கா. எங்க வீட்டுக்காரரு வீட்டுக்குள்ள கேறினா போதும், காத்து மாதிரி மறைஞ்சிருவா. இவிய நிழலு விழுந்தா தாண்ட மாட்டா. சொவருகிட்டப் பேசுவா. நீங்களே பாருங்கோ..."

பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வராந்தாக் கோடியில் மினதி நின்றாள். மூடிய முகத்தைத் தூணுக்கு வெகு பக்கத்தில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், பேசிக்கொண்டிருந்தாள். கெஞ்சுவது போல ஒரு பேச்சு. சொன்னதையே திரும்பச் சொல்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. நடுவில் நிறுத்துவாள். தூண் பதில் சொல்லக் காத்திருப்பது போல. பிறகு மறுபடி தொடங்குவாள்.

'சுவரோடு பேசுகிறாள்' என்பதுதான் மனுவில் முதல் குற்றச்சாட்டாம். சாட்சிக்கு ஊரில் பாதிப் பேர் வருவார்கள். நானே வந்திருப்பேன்!

அதைவிடக் கொடுமை என்ன தெரியுமா? அன்றைய விசாரணை முடிந்ததும் எல்லோரும் ஒரே ஆட்டோவில் ஏறினார்கள். டிரைவர் பக்கத்தில் கிளீட்டஸ். பின்னால் புனிதா, மடியில் குழந்தை, ஓரத்தில் மூடிய முகத்தோடு மினதி. எந்த வீட்டில் பிள்ளையைப் பிடுங்கத் திட்டம் நடக்கிறதோ அதே வீட்டுக்கு, அந்த ஆளோடேயே, அடுத்த வாய்தாவரை அவள் போயாக வேண்டும். ஆட்டோ சாரலுக்குள் மறைந்தது.

கிளீட்டஸை ராட்சசன் என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் என்னை அதிகம் படுத்தியது. குழந்தையின் மூக்கைத் தன் வேட்டி நுனியால் துடைக்கிறார். அது கேட்காமலே பலூன் வாங்கிக் கொடுக்கிறார். அந்தத் தம்பதிக்குப் பிள்ளை இல்லை. ரூபியை அவர் தூக்கி வைத்திருக்கிற விதத்தைப் பார்த்தால், 'இந்த ஆளிடமே இருந்துவிட்டுப் போகட்டுமே' என்று உங்களுக்கும் தோன்றும். தோன்றக் கூடாது. ஆனால் தோன்றும்.

அடுத்த வாய்தாவில் உத்தரவு என்றார்கள். ஷைனி வழக்கும் அன்றைக்கே. நான் தூணுக்குப் பக்கத்துப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். பயம் ஒரு பக்கம், வேவு பார்க்கிற புத்தி ஒரு பக்கம். பத்தி எழுதுகிறவளுக்கு இரண்டாவதுதான் எப்போதும் ஜெயிக்கும்.

ஒரு விஷயம் கவனித்தேன். கிளீட்டஸ் எங்கே வருவதானாலும் முதலில் லேசாக ஓர் இருமல் வரும். இருமல் கேட்ட மறு நொடி மினதியின் தலைப்பு இறங்கும், முகம் தூணுக்குத் திரும்பும். சுவிட்ச் போட்டு அணைத்தது போல. அவர் சாயா குடிக்கத் தெருவுக்குப் போனார். தலைப்பு கொஞ்சம் ஏறியது. அங்கே ஒரு சாதாரண முகம். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, கண்ணுக்குக் கீழே கருவளையம். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ராத்தூக்கம் கெட்ட ஒரு தாய்.

பேய்க்குத் தூக்கம் கெடுமா?

எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பது மாதிரி, தெருவுக்கு ஒருவர் கன்னியாஸ்திரியாகி வடக்கே மிஷனில் இருப்பார். என்னோடு பள்ளியில் படித்த பெனடிக்டா அப்படித்தான். பாதி ஆயுள் ஒடிசா மலைக் கிராமங்களில் கழித்துவிட்டு, இப்போது இங்கே ரப்பர் எஸ்டேட் பக்கத்தில் ஒரு மடத்தில் பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்கிறாள். இது ஏன் எனக்கு முன்னாடியே உறைக்கவில்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டு போனைப் போட்டேன்.

"ஏட்டி, உனக்கு ஒடியா பேச வரும்லா?"

"அதுக்கு இப்ப என்ன? கோயில்ல பாட்டுப் பாடணுமா?"

"பேசாம ஒரு பிள்ளைகிட்டப் பேசு."

போனை மினதியிடம் நீட்டினேன். நான் சும்மா நீட்டவில்லை. 'பேசு' என்பதற்கு வாயில் விரல் வைத்து, காதில் கை வைத்து, ஊமைக்கூத்து முழுசும் ஆடித்தான் நீட்டினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வாங்கினாள். அந்தப் பக்கத்தில் தன் மொழியைக் கேட்டதுதான் தாமதம், மடை உடைந்த மாதிரி அழுகை, பேச்சு, அழுகை...

இருமல் கேட்டது.

பேச்சு பாதியில் அறுந்தது. போன் என் மடியில் விழுந்தது. தலைப்பு இறங்கிவிட்டது. தூண். அந்தத் தாழ்ந்த குரல். மறுபடியும் அதே கெஞ்சல். கிளீட்டஸ் படியில் நின்று சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தார், காதில் ஒன்றும் விழாதவர் போல.

போனைக் காதில் வைத்தேன். பெனடிக்டா கேட்டாள்: "இப்ப அங்க வந்தது ஆரு? அவளுக்க மாப்பிள்ளைக்க அண்ணனா?"

"உனக்கு எப்படிட்டீ தெரியும்?"

"அட, புத்தி கெட்டவளே! அந்தப் பக்கத்துல சில குடும்பங்கள்ல தம்பி பெண்டாட்டி புருஷனுக்க அண்ணனுக்கு முன்னாடி முகம் காட்டக் கூடாது, வாய் திறக்கக் கூடாது, நிழல் மிதிக்கக் கூடாது. அவரும் இருமிக்கிட்டுத்தான் வரணும். அவகிட்ட வளையல் குலுங்கினா, 'இங்க பொம்பள நிக்கேன், நீங்க மாறிப் போங்க'ன்னு அர்த்தம். அவருக்கிட்ட ஏதாவது சொல்லியே ஆகணும்னா சொவருகிட்டச் சொல்லுவா. அவரு கேட்டுக்கிடணும். இது பைத்தியம் இல்லட்டீ, மரியாதை."

கோர்ட்டில் அந்த வளையல் குலுங்கியபோதெல்லாம் 'நீங்கள் வெளியே போங்கள்' என்றா கேட்டுக்கொண்டிருந்தாள்? அதற்கு ஒவ்வொரு தடவையும், "எனக்குப் பிள்ளை வேண்டாம்" என்றா மொழிபெயர்ப்பு வந்தது?

அங்கே அத்தனை வருஷம் இருந்த கிளீட்டஸுக்கு அது தெரியாதா? பின்னே எதற்கு ஒவ்வொரு தடவையும் முறை தவறாமல் இருமுகிறார்?

வக்கீல் பையனைப் பிடித்து உலுக்கினேன். "அவகிட்ட நீங்க தனியா ஒருநாளாவது பேசியிருக்கிங்களா தம்பி?"

"கிளீட்டஸ் சார்தான் மேடம் எப்பவும் கூட வந்து சொல்லுவாரு..."

நான் சொன்னது இங்கே அச்சேறாது. பையன் வேர்த்துப்போய் உள்ளே ஓடினான். என்ன மனுப் போட்டானோ, எப்படிக் கெஞ்சினானோ, உத்தரவைச் சாயந்திரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். பெனடிக்டா எஸ்டேட் பஸ்ஸைப் பிடித்து, சொட்டச் சொட்ட நனைந்து வந்து சேர்ந்தாள்.

"நீங்க யாரு சிஸ்டர்?" என்று ஜட்ஜ் அம்மா கேட்டார்.

"எனக்கு அவங்க பாஷை தெரியும் அம்மா. அவங்களுக்குச் சொந்தமும் இல்ல, பகையும் இல்ல. ஆனா நான் பேசுறதுக்கு முன்னாடி ஒரு காரியம். இவரை வெளிய அனுப்பணும்."

கிளீட்டஸ் எழுந்தார். "நான் போனா எப்படி அம்மா? தம்பிக்க காரியமில்லா..."

"கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் ஜட்ஜ் அம்மா.

கதவைச் சாத்தினார்கள். சாரல் சத்தம்கூட அடங்கிவிட்டது. கரெண்ட் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அந்த மூடிய உருவம் மட்டும். பெனடிக்டா ஒடியாவில் மெதுவாக ஏதோ சொன்னாள். தலைப்பு அசைந்தது. மெல்ல மெல்ல ஏறியது. முகம் வந்தது.

மினதி ஜட்ஜ் அம்மாவை நேராகப் பார்த்தாள். பார்த்துச் சொன்னாள்:

"எனக்க பிள்ளைய எனக்குத் தாருங்கம்மா. நான் எங்கயும் போவல்ல."

தமிழ்!

தமிழா? சுத்தமான கடற்கரைத் தமிழ்! மீன்கூடையோடு தெருவில் கூவுகிற குரல், அந்த ராகம், அந்த இழுப்பு, எல்லாம். இத்தனை வருஷம் முட்டத்துப் பக்கம் தண்ணீர் சுமந்தவளுக்கு, சந்தையில் பேரம் பேசியவளுக்கு, ரூபிக்குச் சோறூட்டியவளுக்குத் தமிழ் வராமல் இருக்குமா? ஒரு துணிக்குள்ளிருந்து எங்கள் ஊர்க் குரலே எழுந்து வந்ததைக் கேட்டபோது, முதல் நாள் கேட்ட ஆண் குரலைவிட அதிகமாகப் பயந்துபோனேன். சத்தியம்.

"தமிழ் தெரியாதுன்னு யார் சொன்னது?" என்றார் ஜட்ஜ் அம்மா. கோர்ட் கிளார்க் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் காகிதக்கட்டைப் பார்த்தார். காகிதக்கட்டு யாரைப் பார்க்கும்?

"பேசும்மா. நீ மேல பேசு."

"பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா நான்தான் ஒறங்காம..."

வெளியே, கதவுக்கு மறுபுறம், ஓர் இருமல்.

சொல் பாதியில் நின்றது. தலைப்பு இறங்கியது. முகம் போய்விட்டது. ஒரு நொடிக்கு முன் அங்கே ஒரு பெண் இருந்தாள் என்பதற்கு அடையாளமே இல்லை. வளையல் மட்டும் 'கிலுக்' என்றது.

இதை ஜட்ஜ் அம்மா கண்ணால் பார்த்தார். நாங்கள் எல்லோருமே பார்த்தோம். ஒரு மூடிய கதவைத் தாண்டி வந்து ஓர் இருமல் ஒரு பெண்ணை அணைத்துவிட்டுப் போனதை! ஜட்ஜ் அம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த ஆளை இந்தக் கட்டடத்துல வச்சிருக்காதீங்க. ரோட்டு கேட்டுக்கு வெளிய கொண்டு உட்கார வைங்க. போலீஸ் ஒருத்தர் கூட நில்லுங்க."

அதற்குப் பிறகு அவள் பேசினாள் பாருங்கள்! நிறுத்த முடியவில்லை. காய்ச்சல், தடுப்பூசி, பிள்ளைக்கு எந்த மீன் பிடிக்கும், புருஷன் கடைசியாக எப்போது போன் செய்தான், 'வழக்கு உன் ஊருக்குப் போக டிக்கெட் எடுக்கிற கேஸ்' என்று சொல்லிக் கூட்டி வந்தது... வேகமாக, கடலோர வேகத்தில். ஜட்ஜ் அம்மா திணறிப்போய்ப் பெனடிக்டாவைப் பார்த்தார். "சிஸ்டர், என்ன சொல்றாங்க?"

ஒடியாவிலிருந்து மொழிபெயர்க்க நனைந்துகொண்டு வந்த பெனடிக்டா, அன்றைக்கு முழுக்க முட்டத்துத் தமிழைத் தஞ்சாவூர்த் தமிழுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய பதிவை ஜட்ஜ் அம்மா ரத்து செய்தார். மொழிபெயர்த்தவர் வழக்கில் சம்பந்தப்பட்ட உறவினர் என்பதைத் தானே கவனித்திருக்க வேண்டும் என்று திறந்த கோர்ட்டில் சொன்னார். அந்தப் பெரிய மனது எத்தனை பேருக்கு வரும்? வழக்கு முடியும்வரை பிள்ளை தாயிடம். தாய் பெனடிக்டாவின் விடுதியில். சைமன் நேரில் வந்தாக வேண்டும்.

இப்போது என் புலம்பல். எங்கள் ஊர் ஜவுளிக்கடைக்குப் போய்ப் பாருங்கள். மலையாளத்துக்கு ஓர் ஆள், இந்திக்கு ஓர் ஆள் என்று வைத்திருக்கிறான். ஒரு சேலை விற்க! ரப்பர் எஸ்டேட்டிலும் செங்கல் சூளையிலும் ஓட்டல் அடுக்களையிலும் எத்தனை பாஷைக்காரர்கள் இன்றைக்கு நம்மோடு வாழ்கிறார்கள்? அவர்களுக்கும் கல்யாணம் நடக்கிறது, சண்டை நடக்கிறது, பிள்ளை பிறக்கிறது. அந்தப் பிள்ளை யாருக்கு என்று முடிவு செய்கிற இடத்தில் மட்டும், 'இங்கே பாஷை தெரிந்தவர் யாராவது உண்டா?' என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிறோம். முதலில் கை தூக்குகிறவன் யாராக இருப்பான்? அவசரம் உள்ளவன்தானே!

வெளி ஆளாக ஒருவரை ஏற்பாடு செய்ய முடியாதா? பெண்ணுக்குப் பெண்ணாக? அதற்கும் முன்னால், 'உனக்கு என்ன பாஷை தெரியும், யார் இருந்தால் உன்னால் பேச முடியாது' என்று அவளிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டால் யார் குடி முழுகிவிடும்?

நானும் கேட்கவில்லையே. பிறகு மினதியே சிரித்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க கைய கைய ஆட்டிக்கிட்டு நின்னிய. உங்களுக்குத்தான் பேச வராதோன்னு நினைச்சேன்."

சரி, அந்தச் சாயந்திரத்துக்கு வருகிறேன். கேட்டுக்கு வெளியே விட்ட கிளீட்டஸை எல்லாம் முடிந்து உள்ளே விட்டார்கள். வராந்தாவில், அதே தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் சும்மா இருப்பேனா?

"அவ இந்தத் தூணுகிட்டச் சொன்னதெல்லாம் உங்களுக்கு வெளங்கிச்சா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "எனக்குத்தானே சொன்னா. வெளங்காம இருக்குமா?"

"என்ன சொன்னா?"

"'எனக்க பிள்ளைய விட்டுத்தரச் சொல்லு தூணே'ன்னு. வேற ஒண்ணும் சொல்லல்ல. வீட்டுல சொவருகிட்டயும் அதுதான். எப்பவும் அதுதான்."

"பின்ன எப்படி அப்படி மாத்திச் சொல்ல நாக்கு வந்திச்சு?"

அவர் படிப் பக்கம் பார்த்தார். புனிதா படியில் உட்கார்ந்து சேலையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். "வீட்டுக்குள்ள ஒரு கொச்சுப்பிள்ளைக்க சத்தம் கேட்டுப் பழகிட்டம்மா" என்றார். அதற்குமேல் நானும் திட்டவில்லை. திட்ட வரவில்லை.

அப்போது மினதி ரூபியோடு வெளியே வந்தாள். கிளீட்டஸைப் பார்த்ததும் தலைப்பு தானாக இறங்கியது. கோர்ட் உத்தரவுக்கெல்லாம் அந்தக் கை அடங்காது போல. பேசாமல் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. நேராகத் தூணிடம் வந்தாள்.

இந்தத் தடவை தமிழில் சொன்னாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ.

"ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சு வந்து பிள்ளையப் பாக்கச் சொல்லு தூணே. மயினியையும் கூட்டிட்டு வரச் சொல்லு. பிள்ள தேடும்."

சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். பெனடிக்டா குடையை விரித்தாள். சிவப்புப் பாதங்கள் சாரலில் இறங்கிப் போயின.

கிளீட்டஸ் அப்படியே நின்றார். பிறகு ஒரு கையைத் தூணில் வைத்து, அந்தக் கல்லைப் பார்த்து, "செரி" என்றார்.

அந்தக் கட்டடத்தில் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தது அந்தத் தூண் ஒன்றுதான்!